முத்துசுவாமி தீட்சிதரும் கங்கை தந்த வீணையும்

நவராத்திரி விழாவின் நிறைவில் வரும் சரசுவதி பூசையன்று, ஆலயங்களிலும் இல்லங்களிலும் கலைமகள் திருவுருவின் முன் நூல்களையும் இசைக் கருவிகளையும் அடுக்கி வைத்து வழிபடுவது நம்மவர் மரபு. அவ்வரிசையில் வீணை இருக்கும். அதன் அருகிலேயே பிள்ளைகள் பயிலும் வயலினும் பொட்டும் பூவுமாக வீற்றிருக்கும். வீணை அன்னையின் திருக்கரத்திலேயே விளங்குவது. ஆனால் வயலினோ கடல் கடந்து வெள்ளையரோடு வந்த கருவி. அது கலைமகளின் திருமுன் இடம் பெற்ற வரலாற்றைத் தேடிச் செல்வோர், சோழநாட்டுக் குடும்பம் ஒன்றின் வாயிலில் சென்று நிற்பர். அக்குடும்பத்தின் தலைமகனே சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர்.

தீட்சிதரின் தந்தையார் ராமசுவாமி தீட்சிதர் (1735 - 1817) சிறந்த இசைப் புலவர். மத்தியார்ஜுனம் எனப்படும் திருவிடைமருதூரில் வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் வீணையும் இசையிலக்கணமும் பயின்றவர். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் ஒலிக்கும் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவரும் அவரே. திருவாரூரில் குடியேறிய அவர், தியாகராசப் பெருமான் திருக்கோயிலில் நாகசுரம் இன்ன வேளையில் இன்ன முறையில் வாசிக்கப்பட வேண்டுமென வகுத்துக் கொடுத்தார் என்பது வரலாறு. இத்துணைப் பேறுகள் இருந்தும் மகப்பேறு வாய்க்கவில்லை. நாற்பது வயதை எட்டிய நிலையில் தம் மனைவியாருடன் வைத்தீசுவரன் கோயில் சென்று, ஒரு மண்டலம் நோன்பிருந்து முத்துக்குமார சுவாமியை வேண்டினார். மன்மத ஆண்டு பங்குனித் திங்கள் கிருத்திகை நாளில் ஆண் மகவு பிறந்தது. முருகன் அருளால் பிறந்த பிள்ளைக்கு முத்துசுவாமி என்றே பெயரிட்டனர். பல நூல்களில் 1775 என்று காணப்பட்டாலும், மன்மத ஆண்டின் பங்குனி, ஆங்கிலக் கணக்குப்படி 1776ஆம் ஆண்டில்தான் வரும். அவருக்குப் பின் சின்னசுவாமி, பாலாம்பாள், பாலுசுவாமி என மேலும் மூன்று மக்கள் பிறந்தனர்.

மூத்த மகனுக்குத் தந்தையார் வேதமும் வடமொழி இலக்கியமும் கற்பித்தார், வீணையும் கற்பித்தார். அந்த வீணையைப் பற்றிச் சற்று அறிந்து கொண்டால்தான் தீட்சிதரின் பாடல்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பது விளங்கும்.

இன்று நாம் காணும் வீணைக்குத் தஞ்சாவூர் வீணை என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் துணையோடு, 24 மெட்டுக்கள் நிலையாகப் பொருத்தப்பட்டு அது இவ்வடிவம் பெற்றது. அதற்கு முன்னர் இராகத்துக்கு ஏற்ப மெட்டுக்களை நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரு தாயிகளுக்கும் மெட்டுக்கள் நிலைபெற்ற பின் எல்லா இராகங்களையும் ஒரே வீணையில் வாசிக்க இயன்றது. அந்தக் கோவிந்த தீட்சிதரின் மைந்தர் வேங்கடமகி, சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் 72 மேளகர்த்தாக்களை வகுத்தார். அவர் வழிவந்த இசை மரபே வேங்கட வைத்தியநாத தீட்சிதர் வாயிலாக ராமசுவாமி தீட்சிதரை அடைந்து, அவரிடமிருந்து மகனுக்கும் வந்தது. ஆகவே முத்துசுவாமி தீட்சிதர் தம் மடியில் ஏந்திய வீணையும், தம் மனத்தில் ஏந்திய இராக இலக்கணமும் ஒரே குடும்பத்தின் கொடை எனலாம்.

வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றும் தனித்தனியே செய்யப்பட்டு இணைக்கப்படுவதுண்டு. ஒரே மரத்தில் முழுவதும் குடைந்து செய்வதை ஏகாந்த வீணை என்பர். அதற்கு மதிப்பு மிகுதி. தண்டியின் மேல் இருபுறமும் மெழுகு ஏற்றி, அதன்மேல் மெட்டுக்களைப் பதிப்பார்கள். சுருதி பிறழாமல் மெட்டுப் பதிக்கக் கூர்ந்த செவி வேண்டும். மெழுகு இளகினால் மீண்டும் பதிக்க வேண்டியதுதான். வாசிப்பதற்கு நான்கு தந்திகள், சுருதிக்கும் தாளத்திற்கும் பக்கவாட்டில் மூன்று தந்திகள், ஆக ஏழு. தஞ்சைத் தச்சர்களின் இக்கைத்திறனுக்கு 2013ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மணலியில் கேட்ட மேனாட்டு இசை

சென்னையை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் இருந்தார். திருவாரூர் வந்த அவர் ராமசுவாமி தீட்சிதரின் புலமையைக் கண்டு, குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ணர் என்கிற சின்னையா முதலியாரும் அந்த ஆதரவைக் குறைவின்றித் தொடர்ந்தார். சின்னையா முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் துபாஷி. அக்காரணத்தால் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தீட்சித சகோதரர்களை அழைத்துச் சென்று, அங்கு வெள்ளையர் வாசிக்கும் பேண்டு இசையைக் கேட்கச் செய்தார்.

ஆசாரம் மிகுந்த அந்தணக் குடும்பம். அந்நியர் இசை என்று காதைப் பொத்திக் கொண்டு திரும்பியிருந்தால் அக்காலத்தில் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரோ அம்மெட்டுக்களைக் கூர்ந்து கேட்டார். அவை பெரும்பாலும் நமது சங்கராபரணத்தின் சுரங்களிலேயே அமைந்திருப்பதைக் கண்டு, அவற்றுக்கு வடமொழியில் இறைவன் மீதும் இறைவி மீதும் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவை ஏறக்குறைய நாற்பது. ஆங்கிலேயர் தம் மன்னரை வாழ்த்திப் பாடும் மெட்டும் அவற்றுள் ஒன்று. அம்மெட்டிலும் அவர் தெய்வத்தையே பாடினார். சிறுவர்கள் சுரம் பயில இன்றும் இப்பாடல்கள் உதவுகின்றன.

இளையவர் பாலுசுவாமி அதற்கும் ஒரு படி மேலே சென்றார். கோட்டையில் கேட்ட பிடிலின் ஓசை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. முதலியார் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, அவருக்கு அக்கருவியைக் கற்பிக்கச் செய்தார். மூன்று ஆண்டுகள் முறையாகப் பயின்ற பாலுசுவாமி, நமது இராகங்களை அதில் வாசித்துப் பார்த்தார். பிடிலில் மெட்டுக்கள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லும் இடமெல்லாம் சுரம். வில் இழுபடும் வரை ஓசை அறாது. மனிதக் குரலின் குழைவுகள் யாவும் அதில் வந்தன. நின்றவாறு தோளில் சாய்த்து வாசிக்கும் மேனாட்டார் முறை காலப்போக்கில் மாறியது. தரையில் அமர்ந்து, கருவியின் உடலை மார்பில் பொருத்தி, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் முறை நம்மவரிடையே வேரூன்றியது. தந்திகளுக்கும் ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் என நமது முறைப்படி சுருதி கூட்டப்பட்டது. தஞ்சை அரண்மனையைச் சார்ந்த வராகப்பையரும் அக்காலத்தில் வயலின் பயின்றவரெனக் கூறுவர். ஆயினும் கர்நாடக இசையில் வயலினைப் புகுத்திய பெருமை பாலுசுவாமி தீட்சிதருக்கே முதன்மையாக உரியதெனக் கொள்ளப்படுகிறது.

காசியில் கிடைத்த பிரசாதம்

தம்பி கோட்டைக் கருவியில் தோய்ந்திருக்க, தமையனுக்கு வேறோர் அழைப்பு வந்தது. சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு எழுந்தருளினார். முத்துசுவாமியின் ஒழுக்கத்தையும் ஞானத்தையும் கண்டு, அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்ப வேண்டுமெனப் பெற்றோரைக் கேட்டார். மண்டலம் நோன்பிருந்து பெற்ற பிள்ளையைப் பிரியத் தந்தை தயங்கினார். ஆயினும் குருவின் சொல்லைத் தட்ட இயலவில்லை.

காசியில் தீட்சிதர் பல ஆண்டுகள் தங்கி, ஸ்ரீவித்யை உபாசனையும் வேதாந்தமும் பயின்றார். வடநாட்டு இசையையும் செவிமடுத்தார். பிற்காலத்தில் அவர் யமுனா கல்யாணி, துவிஜாவந்தி போன்ற இராகங்களில் பாடியதற்கு அங்கே இடப்பட்டது வித்து. ஒரு நாள் யோகியார் அவரைக் கங்கையில் இறங்கச் சொல்லி, நீருள் கிடைப்பதை எடுத்துக் கொள்ளுமாறு பணித்தார். தீட்சிதர் கை நீட்டியபோது ஒரு வீணை கிடைத்தது. அதன் யாளி முகம் வழக்கத்திற்கு மாறாக மேல் நோக்கியிருந்தது. தேவநாகரி எழுத்தில் இராம நாமம் பொறிக்கப்பட்டிருந்தது. இது குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. குரு தமக்குக் கங்கை வாயிலாக அளித்த பிரசாதமாகவே அவ்வீணையைத் தீட்சிதர் இறுதிவரை போற்றினார். அவர் மறைந்த பின்னரும் அது அவர் மரபினரால் காக்கப்பட்டு வந்தது. சிதம்பரநாத யோகி காசியிலேயே சமாதி எய்தினார். அனுமன் கட்டத்தில் அச்சமாதியை இன்றும் காணலாம்.

வீணையோடு தென்னாடு திரும்பியவர் திருத்தணி முருகனைத் தரிசித்துத் தியானத்தில் அமர்ந்தார். முதியவர் ஒருவர் வந்து அவரை வாய் திறக்கச் சொல்லி, கற்கண்டை வாயிலிட்டு மறைந்தாரென்பர். வந்தவர் தணிகைவேலனே எனத் தெளிந்த தீட்சிதர், மாயாமாளவகௌளை இராகத்தில் முதற் பாடலை அருளினார். அன்று முதல் குருகுக என்னும் முத்திரை அவர் பாடல்களில் நிலைபெற்றது. முருகன் கோயிலில் வரம் வேண்டிப் பிறந்தவர் முருகன் சந்நிதியிலேயே பாடத் தொடங்கியது பொருத்தமே.

பின்னர் காஞ்சிபுரத்தில் நான்காண்டுகள் இருந்து உபநிஷத் பிரமேந்திரரிடம் வேதாந்தம் கேட்டு, திருவாரூரை அடைந்தார். வழியில் கண்ட தலங்களையெல்லாம் பாடினார். அவர் இயற்றியவை 400க்கும் மேற்பட்டவை. பெரும்பாலும் வடமொழியில் அமைந்தவை. ஒரு பாடலைக் கேட்டால் அத்தலத்தின் மூர்த்தி, தீர்த்தம், புராணம் ஆகியவற்றை அறியலாம். பெரும்பாலும் இராகத்தின் பெயரும் நயமாக ஒளிந்திருக்கும். நம் ஆலய விழாக்களில் நாகசுரக் கலைஞர்கள் முதலில் வாசிக்கும் வாதாபி கணபதிம், திருவாரூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள விநாயகரைப் பாடியதே. தந்தை உருவாக்கிய அம்சத்வனியில் மகன் பாடிய பாடல் அது.

தீட்சிதர் பாடல்கள் விரைந்து ஓடுவதில்லை. யானை நடைபோல் சௌக்க காலத்தில் செல்லும். இதைக் கடினமென்றும் மந்தமென்றும் கருதுவோர் உண்டு. ஆனால் வீணையில் வாசிக்கக் கேட்டவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். வீணையில் ஒரு தந்தியை ஒருமுறை மீட்டினால் அவ்வொலி சிறிது சிறிதாகத் தேய்ந்து நெடுநேரம் நிற்கும். அது அடங்குவதற்குள் அதே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த சுரத்தையும் அதற்கடுத்த சுரத்தையும் எழுப்பலாம். கைதேர்ந்தவர்கள் ஒரே மெட்டில் நான்கு சுரங்கள் வரை இழுத்துக் காட்டுவார்கள். ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் இடையே உள்ள அந்த அமைதியில்தான் இராகத்தின் முகம் தெரியும். தீட்சிதர் தம் பாடல்களை அமைத்தது அந்த இடைவெளிக்கு ஏற்பவே. குரலால் பாடினாலும் அவை வீணையின் பாடல்களே. வித்துவான்கள் பலர் தீட்சிதர் பாடல்களைக் கற்க விரும்பினால் வீணை வழியாகக் கற்பதன் காரணமும் இதுவே.

திருவாரூரில் அவர் செய்த பெரும்பணி கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள். ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களுக்கும் ஆவரணத்துக்கு ஒன்றாக ஒன்பது. தியானப் பாடலும் மங்கலப் பாடலும் சேர்த்துப் பதினொன்று. நவராத்திரி நாட்களில் நாளுக்கொன்றாக இவற்றைப் பாடுவது வழக்கம். உபாசனை நெறி, இராக இலக்கணம், வீணையின் நாதம் ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதபடி இவற்றுள் கலந்துள்ளன.

அவர் மாணவருள் தம்பியப்பன் என்பவர் திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்தவர். தீராத வயிற்று வலியால் துன்புற்ற அவர் சாதகத்தில் குருவின் நிலை சரியில்லை எனக் கண்ட தீட்சிதர், வியாழ பகவானைக் குறித்து அடாணா இராகத்தில் ஒரு பாடல் இயற்றி, பாடி வருமாறு பணித்தார். நோய் நீங்கியது. அதனைத் தொடர்ந்து ஏனைய கோள்களின் மீதும் பாடினார். நவக்கிரக சந்நிதிகளில் இன்றும் அவை பாடப்படுகின்றன.

பாடல் வளர்ந்த அளவுக்கு வீட்டில் செல்வம் வளரவில்லை. மன்னரைப் பாடிப் பொருள் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒருமுறை சமையலுக்கு அரிசியும் இல்லாத நிலை ஏற்பட்டது. அவரிடம் இசை பயின்ற ஆடல் மகளிருள் ஒருவரான கமலம் என்பவர், தம் பொன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, அதை விற்றுப் பொருள் வாங்குமாறு வேண்டினார். தீட்சிதர் அதனை ஏற்கவில்லை. லலிதா இராகத்தில் திருமகளைப் பாடினார். அரசு அதிகாரி ஒருவரை வரவேற்பதற்காகச் சேகரிக்கப்பட்டிருந்த பண்டங்கள், அவர் வருகை தடைப்பட்டதால் தீட்சிதர் இல்லத்திற்கு வந்து சேர்ந்தன எனக் கூறுவர். தம்பியப்பன், கமலம் ஆகியோரின் பெயர்களை நோக்கினால், அந்நாளில் அவர் மாணவரைக் குலம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் விளங்கும்.

தஞ்சை நால்வர் என அழைக்கப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் அவருடைய மாணவர்களே. இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்தவர்கள் இவர்கள். இளையவரான வடிவேலு வயலினில் சிறந்து விளங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாக அளித்தார். வீணையே உயிராக வாழ்ந்த ஆசான், தம் மாணவர் அந்நியக் கருவியில் புகழ் பெறுவதைத் தடுக்கவில்லை. தம் தம்பியையே தடுக்காதவரல்லவா!

எட்டயபுரம்

தந்தையார் மறைந்த பின் குடும்பம் சிதறியது. சின்னசுவாமிக்குக் கண் பார்வை மங்கியது. அவரும் பாலுசுவாமியும் மதுரை சென்று மீனாட்சியம்மன் சந்நிதியில் பாடி வந்தனர். 1823ஆம் ஆண்டில் சின்னசுவாமி மதுரையிலேயே காலமானார். தனித்து நின்ற பாலுசுவாமியை எட்டயபுரம் மன்னர் ஆதரித்து, தம் சமஸ்தான வித்துவானாக்கினார். மணலியில் கற்ற வயலின் அவருக்குச் சோறு போட்டது.

தம்பியரைத் தேடி மதுரை வந்த முத்துசுவாமி தீட்சிதர், ஒருவர் இறந்ததையும் மற்றவர் எட்டயபுரத்தில் இருப்பதையும் அறிந்தார். வீணையுடன் தெற்கே நடந்தார். சாத்தூரை அடுத்த பகுதியில் மழையின்றி நிலம் வெடித்துக் கிடந்தது. பயிரும் உயிரும் வாடின. மனம் இரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அம்பிகையைப் பாட, மழை பொழிந்தது என்பது செவிவழி வரலாறு. பொழிந்த மழை நிற்காமல் ஊரே வெள்ளமாகியதால், நிற்குமாறும் வேண்ட நேர்ந்ததாம். இறுதிக் காலத்தில் அவர் தங்கியது அந்த எட்டயபுரத்தில்தான், தம்பியின் இல்லத்தில்தான். திருவாரூரிலும் மணலியிலும் சேர்ந்து ஒலித்த கருவிகள் இரண்டும் அங்கே மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளுக்குச் சற்று முன், எட்டயபுரம் அரண்மனை யானை கட்டறுத்துக் கொண்டு சுடுகாட்டில் போய் நின்றது. இது தமக்கோ நாட்டிற்கோ தீங்கின் அறிகுறியோ என அஞ்சிய மன்னர் தீட்சிதரிடம் ஓடி வந்தார். மன்னருக்கும் நாட்டுக்கும் ஒரு குறையும் வராதெனத் தீட்சிதர் தேற்றி அனுப்பினார். தீபாவளியன்று, அக்டோபர் 21ஆம் நாள், வழக்கம்போல் அம்பிகை பூசையை முடித்தார். மாணவர்களை அழைத்து, மதுரை மீனாட்சி மீது பூர்விகல்யாணியில் தாம் இயற்றிய மீனாக்ஷி மே முதம் என்னும் பாடலைப் பாடச் சொன்னார். அவர்கள் பாடிக் கொண்டிருக்கும்போதே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அதுவும் மன்மத ஆண்டு. பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் சுற்றி வந்த அறுபதாம் ஆண்டில் அவர் மறைந்தார். எட்டயபுரத்தில் அவருடைய சமாதி உள்ளது.

கங்கை தந்த வீணை பாலுசுவாமியின் இல்லத்தில் தங்கியது. அவருக்கு ஆண் வாரிசு இல்லாமையால், 1839இல் பிறந்த தம் மகள் வயிற்றுப் பேரர் சுப்பராமரைச் சுவீகாரம் எடுத்து, குடும்பப் பாடல்களையெல்லாம் கற்பித்தார். பெரிய பாட்டனாரைக் கண்ணால் கண்டிராத அந்தச் சுப்பராம தீட்சிதரே, முதுமையில், 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை அச்சிட்டு வெளியிட்டார். ஏறக்குறைய 1,700 பக்கங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் 229 பாடல்கள் அதில் சுர தாளக் குறிப்போடு இடம் பெற்றன. எந்தச் சுரத்தை அசைக்க வேண்டும், எதனை இழுக்க வேண்டும், எங்கே வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறிகள் அமைத்து, வீணை வாசிக்கும் விரல் செய்வதை எழுத்தில் பிடித்துத் தந்தார். இரண்டாண்டுகள் கழித்து 1906இல் அவர் மறைந்தபோது, அதே எட்டயபுரத்தில் பிறந்த மகாகவி பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார்.